தலையீத்து

மகன் வீட்டுக்கு ஜெர்மனி வந்து இரண்டு மாதமாகிறது. பேத்தி பிறந்து நாற்பது நாள். குழந்தையை எந்நேரமும் என் கையிலேயே வைத்துக்கொள்ள ஆசை. மருமகளுக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்குள் ஒரு வருத்தம். அது இருக்கட்டும்.

போன ஞாயிறு மகன் ஒரு விலங்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். மூஃப்லான் என்ற காட்டுச் செம்மறிகள் அங்கே இருந்தன. கோர்சிகா, சார்டினியா தீவுகளிலிருந்து ஐரோப்பாவெங்கும் கொண்டுவரப்பட்ட இனம். வேலிக்குள் தீனிக்குப் பஞ்சமில்லை, ஓநாய் பயமில்லை. எல்லாப் பெட்டையும் குட்டி போட்டு வளர்த்துவிடும் என்றுதான் நினைத்தேன். பராமரிப்பவர் சிரித்தார். முப்பத்து நான்கு வருஷம் டீச்சராக இருந்த வாய் சும்மா இருக்குமா? மகனை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டுத் தீர்த்தேன்.

பகல் குறையும் இலையுதிர் காலத்தில்தான் பெட்டைகள் பருவத்துக்கு வருமாம். ஐந்து மாதம் சுமந்து, புல் துளிர்க்கும்போது ஈனும். பெரும்பாலும் ஒரே குட்டி. தீனித்தொட்டியில் மூத்த பெட்டைகள் இளசுகளை முட்டி விரட்டும். மெலிந்தது சினை பிடிக்காது, பிடித்தாலும் குட்டி நோஞ்சானாகும். அதனால் தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதிகம் கொழுத்தாலும் ஈனத் திணறும். கிடாயையும் சில வருஷத்துக்கொருமுறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது தன் மகள்களையே சேரும்.

கடைசியாக ஒன்று சொன்னார். ஈன்றவுடன் தாய் குட்டியை நக்கி, வாசனையை மனதில் ஏற்றிக்கொள்ளும். அந்த முதல் சில மணி நேரத்தில் மனிதர்கள் குறுக்கிட்டால் ஒதுக்கிவிடலாம். தலையீத்துப் பெட்டை என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஒன்பது வயதில், எங்கள் தலையீத்துச் செம்மறி போட்ட குட்டியை ஈரம் காயுமுன் பாவாடையில் சுற்றிக்கொண்டு ஓடினேன், அடுத்த தெருத் தோழியிடம் காட்ட. வெகுநேரம் கழித்துக் கொண்டுவந்து விட்டேன். ஆடு மோந்து பார்த்து முட்டித் தள்ளியது. அம்மா சீம்பாலைப் பீய்ச்சிப் புகட்டியும் மூன்றாம் நாள் குட்டி செத்துப்போனது. "தலையீத்து ஆடு, வளர்க்கத் தெரியல" என்றார் அப்பா. அடுத்த சந்தையில் அதை விற்றும்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்திருந்தாள். வழக்கமாகப் போனதும் கையை நீட்டுவேன். அன்று அடுப்படிக்குப் போய், அவளுக்குப் பாலில் பூண்டு போட்டுக் காய்ச்சினேன்.