ரெண்டு மைக் பெட்டியில் அஞ்சு மைக்

மக்களே, இது மருத்துவம் இல்லாத இழை.

"டாக்டர், வீட்ல இருக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ்ல ரெண்டு மைக்தான் போகுது. ஒய் கேபிள் போட்டு நாலாக்கிடலாமா?" என்று இன்பாக்ஸில் கேட்கிறீர்கள்.

வேண்டாம். ஒரே ஆக்சிஜன் குழாயில் ஒய் போட்டால் ரெண்டு பேருக்கும் பங்குதான் போகும், யாருக்கு எவ்வளவு என்பது நம் கையில் இருக்காது. மைக்கும் அப்படித்தான். ரெண்டு சத்தமும் ஒரே ட்ராக்கில் கலந்துவிடும். பிறகு சுத்தமாகப் பிரிக்கவே முடியாது.

கன்னிவாடியில் எனக்கு இந்தத் தேவை வந்தது நையாண்டி மேளத்தால். தெரிந்த நாயனக்கார ஐயா ஒருவர் எழுபதைத் தாண்டிவிட்டார். மூச்சு முன்னைப்போல நிற்பதில்லை. "தாத்தா வாசிக்கிறது தனியா, மேளம் தனியா வேணும் சார். மேளத்தை மட்டும் ஓடவிட்டு நான் பழகணும்" என்றான் பேரன். நாயனத்துக்கு 1, தவிலின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் 2, பம்பைக்கு 1, தமுக்குக்கு 1. ஆக 5. என் பெட்டியில் 2.

மிக்சர் வைக்கலாமே என்பீர்கள். சாதாரண மிக்சர் எட்டு மைக்கை வாங்கினாலும் கம்ப்யூட்டருக்கு ரெண்டு ட்ராக்காகத்தான் கொடுக்கும்.

உங்கள் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். லைன் இன்புட் இருந்தால் தனி ப்ரீஆம்ப் வாங்கி அதில் மைக்கைச் சேர்க்கலாம். சின்னச் சதுர ஆப்டிகல் இன்புட் இருந்து, அது 'ஏடாட்' ஏற்கும் என்று மேனுவலில் இருந்தால் யோகம்தான். 1991-ல் அலெசிஸ் கம்பெனி அறிமுகப்படுத்திய எட்டு ட்ராக் டேப் ரெக்கார்டரின் பெயர் அது. ரெக்கார்டர் போய்விட்டது, இணைப்பு நிலைத்துவிட்டது. பெஹ்ரிங்கர் ஏடிஏ8200 மாதிரி எட்டு மைக் ப்ரீஆம்ப் பெட்டியை ஒற்றை ஆப்டிகல் கேபிளில் மாட்டினால் கூடுதலாக 8 தனி ட்ராக். 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான் 8. 96-க்குப் போனால் 4 ஆகிவிடும். நமக்கு 48 தாராளம்.

என் பெட்டியில் அந்த வாய் இல்லை. அதனால் பக்திப் பாடல் ரெக்கார்டிங் செய்யும் திண்டுக்கல் நண்பரிடம் ரெண்டு பெட்டியையும் ஒருநாள் இரவல் வாங்கினேன்.

மாட்டியதும் "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் பயப்படாதீர்கள். ரெண்டு பெட்டிக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. ப்ரீஆம்பை 48-ல் மாஸ்டராக வைத்து, இன்டர்ஃபேஸ் மென்பொருளில் க்ளாக் சோர்ஸை ஏடாட் என்று மாற்றுங்கள். நின்றுவிடும்.

ஆனால் எத்தனை மைக் வைத்தாலும் ஒரே அறையில் வாசித்தால் எல்லாம் எல்லாவற்றிலும் கேட்கும். ஐயாவைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினோம். "ஆளப் பாக்காம எப்பிடிப்பா வாசிக்கிறது?" என்று சலித்துக்கொண்டார். நியாயம்தானே! கண்ணாடி ஜன்னல் வழியாகத் தவில்காரர் முகம் தெரியும்படி நாற்காலியை நகர்த்தினோம். அதன்பிறகுதான் வாசிப்பு சூடு பிடித்தது.

ஹெட்போன் சத்தத்தை மட்டும் குறைத்தே வையுங்கள். உள்காதின் மயிர்ச்செல்கள் போனால் போனதுதான், திரும்ப முளைக்காது. (டாக்டர் புத்தி, விடாது!)