சுவிட்ச் யார் கையில்?

எங்கள் படிப்பக வண்டிக்கு சோலார் போட்டதைக் கேள்விப்பட்டு, எத்தனை வாட், எந்த பேட்டரி என்று தோழர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கணக்கைச் சொல்கிறோம். எதற்காகப் போட்டோம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் சொல்வோம்.

எங்களுடையது ஒரு பழைய வேன். உள்ளே புத்தக அடுக்கு, பாய், மைக் செட், ஒரு சின்ன ஸ்டவ். பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளி, அரூர் பக்கத்துக் காலனிகளுக்கு வாரத்தில் மூன்று நாள் போவோம். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் படிப்பு. இருட்டியதும் பெரியவர்களோடு கூட்டம். சில நாள் படம் போடுவோம். இரவு வண்டியிலேயே படுத்துக்கொள்வோம்.

அப்படி ஒரு ஊருக்குப் போனோம். பெயர் வேண்டாம், அந்த மக்கள் நாளையும் அங்கேதான் வாழ வேண்டும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்த கடையில் காசு கொடுத்து கரண்ட் எடுத்திருந்தோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேச்சு. 2015-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம், கடையில் சாமான் தர மறுத்தாலும் கூலி வேலை தராமல் ஊர்க் கட்டுப்பாடு போட்டாலும் வழக்குத் தொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது லைட் போனது. மைக் போனது. ஊர்ப் பக்கம் கோயில் டியூப்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் இருட்டில் எங்களிடம் வந்தார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு நான் கடை தொறக்கணும்" என்றார். அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. அவரிடம் சொன்னவர்கள் யார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த ஊரில் காலனி வீட்டிலேயே எடுக்கலாம் என்றால் அது ஒற்றை விளக்குக்கான இலவச குடிசை இணைப்பு. அதில் மைக் செட் மாட்டினால் வம்பு வீட்டுக்காரருக்குத்தான் வரும். வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்துப் பார்த்தோம். அது போட்ட சத்தத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னது எங்களுக்கே கேட்கவில்லை.

தருமபுரிக்காரர்களுக்கு இருட்டு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7-ம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. வீடு எரிந்தால் சான்றிதழ் எரியும், பாடப் புத்தகம் எரியும், மீட்டர் பெட்டியும் எரியும். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம்: எந்த வசதியைப் பார்த்தாலும் அதைப் பிடுங்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பேசியபோது, மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தால்தான் இந்தியா தொழில்மயமாகும், அதுவே வறுமையிலிருந்து மக்கள் மீளும் வழி என்று வாதிட்டார். கரண்ட் அவருக்கு விடுதலைப் பிரச்சினை. எங்களுக்கும் அப்படித்தான்.

இனி கணக்கு.

கடைக்குப் போகும் முன் ஒரு நாள் மாலைக்கு என்ன வேண்டும் என்று தாளில் எழுதினோம். 7 வாட் எல்.இ.டி. பல்பு 4, நான்கு மணி நேரம்: 112 வாட் மணி. மைக் செட் சராசரியாக 20 வாட், இரண்டு மணி நேரம்: 40. ஆறு செல்போன், ஒன்றுக்கு 20 வீதம்: 120. சின்ன புரொஜெக்டர் 60 வாட், இரண்டு மணி நேரம்: 120. மொத்தம் 392. ஆயிரம் வாட் மணிதான் ஒரு யூனிட். அதாவது அரை யூனிட் கூட இல்லை. அந்த அரை யூனிட்டுக்காகத்தான் ஊர் ஊராகக் கை நீட்டிக்கொண்டிருந்தோம்.

பேட்டரி: ஈய அமில பேட்டரி விலை குறைவு. ஆனால் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும். எங்கள் தேவைக்கு 100 ஆம்பியர் மணி பேட்டரி வாங்க வேண்டும், தோராயமாக 30 கிலோ. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 12.8 வோல்ட், 50 ஆம்பியர் மணி போதும். 640 வாட் மணி கொள்ளும், அதில் 500 வரை பயமில்லாமல் எடுக்கலாம், எடை ஆறேழு கிலோதான். விலை கூடுதல். ஆனால் எங்கள் குழுவில் பாதிப் பேர் பெண்கள், சாமான் ஏற்றி இறக்குவது எல்லோரும்தான். ஒருத்தரால் தூக்க முடிய வேண்டும் என்று லித்தியத்தையே எடுத்தோம்.

பேனல்: 100 வாட் பேனல் நாள் முழுக்க 100 வாட் தராது. நல்ல வெயில் நாளை ஐந்து மணி நேர முழு வெயில் என்று வைத்து, சூடு, தூசு, வயர் இழப்புக்கு முப்பது சதவீதம் கழித்தால் 350 வாட் மணி நிற்கும். அது பற்றாது. இரண்டு வாங்கினோம். வண்டிக் கூரையில் அடித்துவிடச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் பேனலுக்காக வண்டியையும் வெயிலில் நிறுத்த வேண்டும். பங்குனி சித்திரையில் உள்ளே மனிதர் உட்கார முடியாது. வண்டி வேப்பமரத்தடியில் நிற்கட்டும், பேனலை நாம் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தோம். காலையில் கிழக்கே, மத்தியானத்துக்கு மேல் மேற்கே திருப்பி வைப்போம். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் வரும் கரண்ட் வெகுவாகக் குறையும், அதைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகளே காவல்.

இரண்டு பேனலும் சேர்ந்து சுமார் 11 ஆம்பியர் தரும். அதற்கு 20 ஆம்பியர் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர் போட்டோம். லித்தியத்துக்கான செட்டிங் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வயரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 12 வோல்ட்டில் மெல்லிய வயர் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் விழும். பத்து மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் எடுத்தோம். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே 30 ஆம்பியர் ஃபியூஸ். அது இல்லாமல் ஓட்டாதீர்கள், புத்தக வண்டியில் தீ வேண்டாம்.

பல்பும் மைக் செட்டும் நேராக 12 வோல்ட்டில் ஓடுகிறவை. புரொஜெக்டருக்கு மட்டும் 300 வாட் இன்வெர்ட்டர், படம் போடும் நாளில்தான் அதைத் தொடுவோம். சும்மா ஓடினாலும் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தின்னும். ஐப்பசி கார்த்திகையில் மூடம் போட்டால் படம் கிடையாது, பல்பும் மைக்கும் மட்டும்.

எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய ரெடிமேட் பவர் ஸ்டேஷனும் பார்த்தோம். அழகாக இருக்கிறது. கெட்டுப்போனால் பெட்டியோடு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் கன்ட்ரோலர் போனால் கன்ட்ரோலரை மட்டும் மாற்றலாம். ஃபியூஸ் மாற்ற, டெர்மினல் முறுக்க எங்கள் காலனிப் பிள்ளைகள் நான்கு பேர் இப்போது கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதில் இரண்டு பேர் பத்தாவது படிக்கும் பெண்கள். சுவிட்ச் நம் கையில் இருந்தால் மட்டும் போதாது, ஸ்க்ரூ டிரைவரும் நம் கையில் இருக்க வேண்டும்.

இதை வெற்றிக் கதையாக முடிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தோம். பென்னாகரம் பக்கத்தில் ஒரு காலனியில் முதல் நாள் பல்பு போட்டபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். "ஏம்ப்பா, உங்க வண்டி போயிட்டா மறுபடியும் இருட்டுதானே?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. அந்தத் தெருவில் கம்பம் நின்றது, விளக்கு இல்லை. ஊர்த் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் எரிந்தது. இந்த வண்டி எங்கள் கூட்டத்துக்கான ஏற்பாடு. தெருவிளக்கு அவர்களுடைய உரிமை. நாளைக்கு ஒரு அதிகாரி, "அதான் சோலார் வண்டி வருதே" என்று சொல்லிவிட இடம் கொடுக்கக் கூடாது.

சுற்றிய வயரைத் திரும்பப் பிரித்தோம். பல்பை மறுபடி போட்டு, பாயை விரித்து, தெருவிளக்கு கேட்டு ஊராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு எழுதினோம். 43 பேர் கையெழுத்துப் போட்டார்கள், கைநாட்டு அதில் பதினொன்று. முதல் கைநாட்டு அந்த அம்மாவுடையது. பதில் வரும்வரை மாதம் ஒருமுறை அந்தத் தெருவில் வண்டியை நிறுத்துவோம்.

ஜெய்பீம்.