நூலின் மேடு பள்ளம்

பெரியநாயக்கன்பாளையத்தில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்ப்பவனுக்கும் நூற்பாலைப் பேச்சிலிருந்து தப்ப வழியில்லை. 1962-இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு இயந்திரம் செய்யும் ஊர். நூல் சீராக வரவேண்டும் என்பதுதான் இங்கே பலருக்குப் பிழைப்பு. நான் செய்வது அதற்கு நேர் எதிர்: யுஎஸ்பி-யில் செருகினால் யாராலும் கணிக்க முடியாத எண்களைக் கொட்டும் கருவிக்கு ஃபர்ம்வேர் எழுதுவது.

மூலப்பொருள் மலிவு. சாதாரண டிரான்சிஸ்டர் ஒன்றின் பேஸ்-எமிட்டர் சந்திக்கு, ஒரு ரெசிஸ்டர் வழியாக 12 வோல்ட்டைத் தலைகீழாகக் கொடுத்தால் அது இரைச்சல் போடும். அதைப் பெருக்கி, ஏடிசி-யில் அளந்து, பிட்டுகளாக்கிக் கணினிக்கு அனுப்ப வேண்டும். யுஎஸ்பி பகுதி கூலி வேலைதான். ஆயத்த நிரல் தொகுப்பைச் சேர்த்தால் சீரியல் போர்ட்டாகத் தெரிந்துவிடும். தலைவலியெல்லாம் இரைச்சலில்.

சுற்றிலும் லேத்தும் கம்ப்ரஸரும் ஓடுகிற இடத்தில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் எப்படியாவது உள்ளே புகுந்துவிடும். விநாடிக்கு 10,000 முறை அளந்தால், ஒவ்வொரு 200 அளவுக்கும் அதே சாய்வு திரும்பி வரும். வான் நாய்மன் 1951-இல் சொன்ன வழி ஒன்று உண்டு: பிட்டுகளை இரண்டிரண்டாக எடு, 01 என்றால் 0, 10 என்றால் 1, இரண்டும் ஒன்றாக இருந்தால் தூக்கிப் போடு. ஒரு பிட்டுக்கும் அடுத்ததற்கும் தொடர்பே இல்லாதபோதுதான் அது முழுப் பலன் தரும். முனகலோ தொடர்பை உண்டாக்குகிறது.

ஆலையில் தரப் பரிசோதனை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் என் இரைச்சல் வரைபடத்தைப் பார்த்ததும், "ஏனுங்க தம்பி, இது ரோலர் கோளாறாட்ட இருக்குதுங்களே!" என்றார். நூலின் சீரை அளக்கும் ஊஸ்டர் கருவியின் அலைநீள வரைபடத்தில், 27 மி.மீ. உருளை சற்றே கோணியிருந்தால் எட்டரை சென்டிமீட்டரில் புகைபோக்கி மாதிரி ஒரு கோடு நிமிர்ந்து நிற்குமாம். பஞ்சு இழைகள் தம் இஷ்டத்துக்கு விழுவதால் வரும் மேடு பள்ளத்தை யாராலும் முழுக்க ஒழிக்க முடியாது. முறை வைத்து வருவதுதான் இயந்திரத்தின் குற்றம். என் வேலைக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

இரைச்சலை எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் நிரலில் போட்டு அரைத்துவிட்டால் எல்லாம் அழகாகிவிடும் என்பவர்கள் உண்டு. அதில்தான் ஆபத்து. டிரான்சிஸ்டர் செத்துப் போனாலும், உள்ளே ஒரு கவுன்ட்டர் மட்டும் ஓடினாலும், வெளியே வருவது எல்லாச் சோதனையிலும் தேறும். டெபியன் லினக்ஸில் 2006 முதல் 2008 வரை நடந்த கூத்தும் இந்த வகைதான்: குறியாக்க நிரலில் இரண்டு வரியை நீக்கியதால், ஒவ்வொரு வகையிலும் சுமார் 32,768 ரகசியச் சாவிகளே சாத்தியம் என்றாகிவிட்டது. தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தச் சாவியிலும் குறை தெரியாது.

அதனால் ஃபர்ம்வேர் அரைப்பதற்கு முன்பே சோதிக்க வேண்டும். ஒரே மதிப்பு அளவுக்கு மீறித் தொடர்ந்து வந்தால் எண் கொடுப்பதையே நிறுத்திவிட வேண்டும். இப்படிப்பட்ட கருவி வாங்குகிறவர்கள் விற்பவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அரைக்காத இரைச்சலை அப்படியே எடுத்துப் பார்க்க வழி இருக்கிறதா? இல்லையென்றால் வாங்காதீர்கள்.