எரிந்ததை எவ்வாறு எழுப்புவது?

நமது அருள்புரத்தில், திருப்பூர் – பல்லடம் சாலையையொட்டிப் பனியன் கம்பெனிகளும் கிடங்குகளும் நிறைந்துள்ளன. ஒரு கொட்டகை தீயில் கருகினால், விரைவில் கூரை வேய்ந்து தையல் இயந்திரங்களை மீண்டும் ஓட்டுவதிலேயே அனைவர் கருத்தும் நிற்கும். புதிய கொட்டகையின் வடிவம் பற்றி எவரும் வாதிடுவதில்லை. ஆனால், ஓர் ஊர் முழுவதும் தன் முகமாகக் கருதிய கட்டடம் அழிந்துபோனால்? இக்கேள்வியை மனத்திற் கொண்டே நாம் யாழ்ப்பாணம் சென்று வந்தோம்.

சென்னையில் சிறு விமானம் ஏறிப் பலாலியில் இறங்கி நகரை அடைந்தோம். பழைய ஒல்லாந்தர் கோட்டைக்கு அண்மையில் வெண்ணிறமாய்ப் பொலிகிறது யாழ்ப்பாணப் பொது நூலகம். முன்புறத்தில் கலைமகள் சிலை, மேலே குவிமாடம், உள்ளே அமைதியாய்ப் படிக்கும் மாணவர்கள். வரலாறு அறியாதவர், இக்கட்டடம் ஒருபோதும் துன்பம் கண்டதில்லை என்றே எண்ணுவர்.

1933-ஆம் ஆண்டில் செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நூல்நிலையமே இதன் வித்து. பத்திரிசியார் கல்லூரி அதிபராய் விளங்கிய லோங் அடிகளார் இதற்கெனப் பெரிதும் உழைத்தார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவம் வரைந்தார். நூலகவியல் மேதை அரங்கநாதன் ஆலோசனை நல்கினார். 1954-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1959-இல் நூலகம் திறக்கப்பெற்றது.

1981 மே 31 நள்ளிரவையொட்டி, காவல் துறையினரும் காடையரும் அதற்குத் தீ வைத்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களும், மீண்டும் பெறவியலாத ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார், தொலைவில் எழுந்த தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். ஓரளவு சீர்செய்யப்பட்ட கட்டடத்தையும் பின்வந்த போர் சிதைத்தது.

1998-இல் அரசு, நூலும் செங்கல்லும் திரட்டும் இயக்கத்தோடு மறுகட்டுமானத்தைத் தொடங்கியபோது விவாதம் மூண்டது. கருகிய சுவர்களை நினைவுச் சின்னமாக விட்டு, புதியதை வேறிடத்தில் எழுப்புக என்றனர் ஒரு சாரார். வெள்ளையடித்தால் குற்றமும் மறைந்துவிடும் என்பது அவர்தம் அச்சம். பிள்ளைகளுக்கு வேண்டுவது இடிபாடன்று, படிக்கும் மேசையே என்றனர் மறுசாரார். இறுதியில் பழைய தோற்றத்திலேயே கட்டடம் எழுந்தது. 2003 பிப்ரவரியில் நிகழவிருந்த திறப்பு விழா, புலிகளின் எதிர்ப்பால் நின்றது. மாநகர சபை உறுப்பினர்கள் பதவி விலகினர். பின்னர் ஆரவாரமின்றியே வாசகர்க்குக் கதவு திறந்தது.

இத்தகைய வாதம் யாழ்ப்பாணத்திற்கு மட்டும் உரியதன்று. 2001-இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தபின், அவை நின்ற இடங்களை நீர்த்தடாகங்களாக விட்டு, அருகே 541 மீட்டர் உயரப் புதுக் கோபுரம் எழுப்பினர். 2019-இல் எரிந்த பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்திற்குப் புத்தம்புது வடிவில் கூர்ங்கோபுரம் அமைக்கலாமெனச் சிலர் கூறினர். ஆயினும் பழைய வடிவிலேயே கட்டி, 2024 டிசம்பரில் ஆலயத்தைத் திறந்தனர்.

யாழ்ப்பாணத்தார் கண்ட முடிவு சரியா? அங்கே படித்துக்கொண்டிருந்த சிறுவர்களைக் கண்டபோது, சரியென்றே நமக்குத் தோன்றியது. எரித்தவன் எண்ணியது அந்த மேசைகள் வெறுமையாக வேண்டும் என்பதன்றோ? அவை நிறைந்திருப்பதே தகுந்த மறுமொழி. எனினும், மறுசாராரின் அச்சமும் பொய்யன்று. சுவர் பேசாதபோது மனிதர் பேசியாக வேண்டும். அந்த வெண்மைக்குப் பின்னே நிகழ்ந்ததைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லாவிடில், மறதி வென்றுவிடும்.

கட்டடத்தை மீண்டும் கட்டலாம். ஒரே படியாக இருந்த சுவடியை எக்கலைஞரும் வரைந்து தரவியலாது. இதனை உணர்ந்தோர் 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் முயற்சி, ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் படியெடுத்து இணையத்தில் வைத்து வருகிறது. நம் வீட்டுப் பெட்டிகளிலும் பங்கு அலமாரிகளிலும் உள்ள பழைய ஏடுகளுக்கும், ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கும் இன்றே ஒரு படி எடுத்து வைப்போமாக. தீ முன்னறிவித்து வருவதில்லை.