தண்ணீரைப் படித்தவர்கள்

'அனுபவம்' என்ற சொல் நம் ஊர்களில் விளம்பரப் பலகை ஏறி வெகு காலமாகிறது. தையல்காரர் பலகையில் இருக்கிறது; ஜோசியர் பலகையில் இருக்கிறது; மூட்டுவலித் தைலம் விற்கிறவரின் தள்ளுவண்டியிலும் இருக்கிறது. எத்தனை வருஷம் என்பதையும் கொட்டை எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். வருஷம் கழிந்ததுதான் அனுபவம் என்றால், ஆற்றங்கரையில் கிடக்கிற பாறையைக் காட்டிலும் அனுபவசாலி யார் இருக்க முடியும்?

ரிஷிகேசத்துக்குச் சற்று மேலே தபோவனம் என்று ஒரு பகுதி. பெயரைக் கேட்டு மரவுரியையும் கமண்டலத்தையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இரண்டு கடைக்கு ஒன்று படகுக் கம்பெனி. ரப்பர்ப் படகை ஜீப்பின் தலையில் கட்டி மலைமேல் ஏற்றிப் போய், சிவபுரியிலோ அதற்கும் மேலேயோ கங்கையில் இறக்கி, வெள்ளை நுரைச் சுழிப்புகளின் ஊடே நம்மைக் கீழே கொண்டுவந்து சேர்க்கிற கம்பெனிகள். ஒவ்வொரு பலகையிலும் தவறாமல் ஒரு வரி: 'அனுபவம் மிக்க வழிகாட்டிகள்.'

நானும் என் மனைவியும் தீர்த்த யாத்திரையாகத்தான் வந்திருந்தோம். தேவப்பிரயாகை வரை போய்வருவதாகத் திட்டம். அலகநந்தாவும் பாகீரதியும் கூடி, கங்கை என்ற பெயரை ஆறு எடுத்துக்கொள்கிற இடம் அது. பெரியாழ்வார் 'கண்டமென்னும் கடிநகர்' என்று பாடியிருப்பது அந்த ஊரைத்தான். ஆனால் கல்லூரியில் படிக்கிற மகளை உடன் அழைத்துவந்தால் திட்டம் நம்முடையதாக இருக்குமா?

"கங்கையில் முழுகத்தானே வந்தோம்? படகிலிருந்து விழுந்தாலும் அது முழுக்குத்தான் அப்பா" என்றாள்.

"விழுகிற பேச்சு எதற்கு?" என்று மனைவி அதட்டினாள். ஆனாலும் தடுக்கவில்லை. தான் வருவதற்கில்லை என்றும், லட்சுமண ஜூலாவுக்கு அருகே படகு கரையேறும் துறையில் காத்திருப்பதாகவும் சொல்லிவிட்டாள்.

அது மார்ச் மாதம். பனி உருகி ஆறு கலங்குவதற்கு இன்னும் நாள் இருந்தது. தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி, எலும்பைத் தொடுகிற குளிர்ச்சியோடு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் படகுக்கு வாய்த்த வழிகாட்டி கட்வால் மலைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான தேகம். முன்கை மட்டும் உடம்போடு பொருந்தாமல், வேறு யாரிடமோ கடன் வாங்கியதுபோல் முறுக்கேறி இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'சார்' போட்டுப் பேசினார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்திக்கு அவருடைய நிதானமான பேச்சு வசதியாகவே இருந்தது.

கரையிலேயே கால்மணி நேரம் பாடம் நடந்தது. துடுப்பின் தலைக்குமிழைக் கையை விட்டு எடுக்கக் கூடாது. எடுத்தால் பக்கத்தில் இருப்பவரின் பல் போகும். தண்ணீரில் விழுந்தால் நிற்க முயலக் கூடாது. வேகமான நீரில் நிற்கப் பார்த்தால் கால் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் ஆறே ஆளைக் குனியவைத்துத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். இடுப்பளவு ஆழம்கூடப் போதும். ஆகவே மல்லாந்து, காலை முன்னே நீட்டி, பாதம் தண்ணீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். பாறை வந்தால் தலைக்குப் பதில் கால் போய் முட்டும். "இது ஒன்றை மறக்காதீர்கள் சார். மற்றதெல்லாம் என் வேலை."

அந்த 'மற்றதெல்லாம்' என்ன என்பது ஆற்றில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. நம் கண்ணுக்கு ஆறு என்பது ஓடுகிற தண்ணீர். அவர் கண்ணுக்கு அது ஓர் ஏடு. மேற்பரப்பில் வழவழப்பாக ஒரு நாக்கு, கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் அதுதான் வாசல். அதே கூர்முனை நம்மை நோக்கித் திரும்பியிருந்தால் அடியில் பாறை இருக்கிறது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில் மேல்நோக்கி ஓடும். படகை ஒதுக்கி மூச்சு வாங்க அதுவே திண்ணை. ஆனால் முழுகின பாறைமேல் தண்ணீர் ஏறி மறுபக்கம் விழுகிற இடத்தில் ஒரு குழி உண்டாகிறது. அங்கே நுரை தன்மேலேயே மடிந்து மடிந்து விழும். ஆளானாலும் கட்டையானாலும் கிடைத்ததை வெளியே விடாமல் அங்கேயே உருட்டிக்கொண்டிருக்கும். எதிரே வருகிற பெரிய அலை பார்க்கத்தான் பயங்கரம். அதில் ஏறி இறங்கிவிடலாம். சத்தமில்லாத குழிதான் ஆபத்து. இதையெல்லாம் துடுப்பை நிறுத்தாமல், ஊர்க் கதை சொல்லுகிறவர்போல் சொல்லிக்கொண்டே வந்தார்.

சுழிப்புகளுக்கு வைத்திருக்கிற பெயர்கள் விசித்திரமானவை. பகீரதன் தவம் செய்து கொண்டுவந்த நதியில் ஒன்றுக்கு 'ரோலர் கோஸ்டர்' என்று பெயர். இன்னொன்று 'கோல்ஃப் கோர்ஸ்'. தபால்காரர் முத்திரை குத்தின மாதிரி 'ரிட்டர்ன் டு சென்டர்' என்றுகூட ஒன்று இருக்கிறது.

கோல்ஃப் கோர்ஸில்தான் அது நடந்தது. முதல் அலை ஏறி இறங்கினோம். இரண்டாவது அலை பக்கவாட்டில் வந்து படகின் இடது விளிம்பைத் தூக்கிற்று. அது இறங்கியபோது என் முன்னால் உட்கார்ந்திருந்த மகளைக் காணோம். அவள் இடம் காலியாக இருந்தது. அவ்வளவுதான்.

தகப்பனுடைய உடம்பு அந்த வேளையில் யாரையும் கேட்டுக்கொண்டு எழுந்திருப்பதில்லை. முழங்கால் தூக்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் அறைந்தது.

"உட்கார்! துடுப்பைப் போடு!"

'சார்' போய்விட்டது. மரியாதைப் பன்மையும் போய்விட்டது. என்னைவிடப் பத்து வயது சிறியவர் போட்ட அந்த ஒருமையில் அசாத்தியமான அதிகாரம் இருந்தது. உட்கார்ந்தேன். துடுப்பைப் போட்டேன். அவர் என் மகள் இருந்த திசையைத் திரும்பியும் பார்க்காமல் படகை வலது பக்கமாகச் செலுத்துவதைக் கண்டேன். இடது பக்கம், மூன்று முழ தூரத்தில், அவர் சொன்ன குழி ஓசையின்றி மடிந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டினோம். நீர் சற்று அடங்கிய இடத்தில் படகைக் குறுக்கே திருப்பி நிறுத்தினார். அப்போது எங்களை நோக்கி முதலில் வந்தது இரண்டு பாதங்கள். அப்புறம் சிவப்புத் தலைக்கவசம். பையிலிருந்து கயிறு பறந்தது. மகளின் தோளைத் தாண்டி மார்பின்மேல் விழுந்தது. மிதவைச் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் அவளைப் படகுக்குள் போட்டார். விழுந்ததிலிருந்து அரை நிமிஷம்கூட ஆகியிராது.

அவள் இருமினாள். பிறகு சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பாதி வழியில் மணல் திட்டில் தேநீருக்காகப் படகுகள் ஒதுங்குகின்றன. மறுபடியும் 'சார்' போட ஆரம்பித்திருந்தார். "அவள் விழுந்ததும் நீங்கள் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?" என்று கேட்டேன்.

"பார்த்தேன் சார். விழுந்த உடனே ஒரு தடவை. கால் மேலே தெரிந்தது, பாடம் ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அப்புறம் தண்ணீரைப் பார்த்தேன். அது அவளை எங்கே கொண்டுவந்து விடும் என்பது எனக்குத் தெரியும். நமக்கு முன்னால் குழி இருந்தது. படகு அதில் போயிருந்தால் எல்லோரும் தண்ணீரில் இருப்போம். அவளைத் தூக்கப் படகு வேண்டாமா?"

சிறு வயது முதல் நாம் கேட்டு வளர்ந்த வீரக் கதைகளில் வீரன் குதிக்கிறான். குதிக்காமல் இருக்கிற வீரத்தைப் பற்றி நான் இதுவரை ஒரு கதையும் எழுதினதில்லை.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் 1869இல் ஜான் வெஸ்லி பவல் என்பவர் நான்கு மரப்படகுகளில் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர் அவர். அந்தக் காலத்து வழக்கப்படி துடுப்புப் போட்டவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாறை வருவது அவர்கள் கண்ணில் படாது. பிரயாணத்தின் கடைசிக் கட்டத்தில் மூன்று பேர் இனி தாங்காது என்று கரையேறி நடந்தார்கள். உயிரோடு ஊர் திரும்பவில்லை. படகிலேயே தங்கியவர்கள் இரண்டே நாளில் பள்ளத்தாக்கைக் கடந்துவிட்டார்கள். அதன் பிறகு, அதே நூற்றாண்டின் முடிவில், நத்தானியேல் காலோவே என்ற வேட்டைக்காரர் ஆபத்தைப் பார்த்தபடி முகத்தைத் திருப்பி உட்கார்ந்தார். ஓட்டத்தோடு விரையாமல் அதற்கு எதிராகத் துடுப்புப் போட்டு வேகத்தைக் குறைத்தார். வெள்ளைத் தண்ணீர்ப் படகோட்டத்தின் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். நம்முடைய ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. வட்டப் பரிசலில் எந்தப் பக்கமும் முகந்தான். பாறைச் சந்துகளில் அவர்கள் ஒற்றைத் துடுப்பால் காவேரியைத் தடவிப் போவதைப் பார்த்தவர்களுக்கு, இது எந்தப் பள்ளிக்கூடத்துப் படிப்பு என்று தோன்றும்.

நம் வழிகாட்டியின் பள்ளிக்கூடத்தைக் கேட்டேன். "பழைய டெஹ்ரி" என்றார். பாகீரதிக் கரையில் மணிக்கூண்டோடு இருந்த பழைய சமஸ்தானத்துத் தலைநகரம். 260 மீட்டருக்கு மேல் உயரமான டெஹ்ரி அணைக்காக அதைக் காலி செய்தார்கள். 2005இல் நீர் தேங்கத் தொடங்கி ஊர் முழுகிற்று. வீட்டைவிட்டுக் கிளம்பியபோது இவருக்குப் பதினைந்து வயது. குடும்பத்துக்கு ரிஷிகேசத்தின் பக்கம் மாற்று மனை கிடைத்தது.

"எங்கள் வீடு அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது சார். காலையில் அணையில் எவ்வளவு விடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் நான் வேலைக்குக் கிளம்புகிறேன். அங்கே மின்சாரத்துக்குத் திறந்தால் இங்கே நீர் ஏறும். நேற்று வாசலாக இருந்த இடம் இன்று குழியாக இருக்கும்."

அவர் குரலில் வருத்தம் தனியாகத் தெரியவில்லை. கூலி படகுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஜூலை, ஆகஸ்டு மழைக்காலத்தில் ஆற்றை மூடிவிடுவார்கள். அப்போது கூலி இல்லை. 2018 ஜூன் மாதம், முறையான விதிகள் வகுக்கும்வரை படகோட்டத்தை நிறுத்தும்படி உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. "கோர்ட்டு சொன்னது நியாயம்தான் சார். கற்றுக்கொள்ளாதவன் பின்னால் உட்கார்ந்தால் முன்னால் இருக்கிறவன் சாவான். ஆனால் கற்றுக்கொண்டவனுக்கும் அன்று அடுப்பு எரியவில்லை." பலகையில் ஒரு வரியாக இருக்கிற அனுபவத்துக்குச் சம்பளச் சீட்டில் இடம் இல்லை போலிருக்கிறது.

துறையில் மனைவி காத்திருந்தாள். மகள் நடந்ததை நடித்தே காட்டிவிட்டாள். மனைவி ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை அப்படியே எடுத்து வழிகாட்டியின் கையில் கொடுத்து, "குழந்தைகள் உண்டா என்று கேளுங்கள்" என்றாள். கேட்டேன். ஒரே பையன், ஆறு வயது.

"அவனுக்கும் இந்த வேலைதானா?"

"தண்ணீரைப் படிக்கக் கற்றுக்கொடுப்பேன் சார். அது தெரியாமல் இந்த ஊரில் வளரக் கூடாது. வேலைக்கு வேறு ஏதாவது பார்க்கட்டும்."

சொல்லிக்கொண்டிருந்தவர், கரையோரத்தில் ஒரு கல்லைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். எனக்கு அதில் எந்த மாற்றமும் தெரியவில்லை. எழுந்து போய், மணலில் கிடந்த படகை இரண்டு முழம் மேலே இழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.