மணியைத் தள்ளிவைத்த மாநிலம்

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனில் கேட்டதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற உன் மகள் ராத்திரி வெகுநேரம் முழித்திருக்கிறாள். காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறாள். சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தோழி ஒருத்தி முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அன்று முழுக்க அழுகிறாள். "என்னக்கா ஆச்சு இவளுக்கு? செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டோமா?" என்று கேட்டாய்.

கெடுக்கவில்லை. அவளுக்குப் பதினைந்து வயதாகிறது. அந்த வயதில் உடம்புக்குள்ளும் மூளைக்குள்ளும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் உன் பயத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதிக்கு நீ செய்யவேண்டிய வேலைகள் இருக்கின்றன.

நான் குடியிருக்கும் இந்த மாநிலத்தில் பதின்பருவத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய மூன்று சட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அந்த வயதைப் பற்றிய ஓர் உண்மை இருக்கிறது.

முதலாவது, பள்ளிக்கூட மணி. 2022 ஜூலை முதல் கலிபோர்னியாவில் உயர்நிலைப்பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன்னால் தொடங்கக்கூடாது. நடுநிலைப்பள்ளிகள் 8 மணிக்கு முன்னால் தொடங்கக்கூடாது. கிராமப்புறப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவில் மாநிலம் முழுமைக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தது இங்கேதான் முதலில். அந்தோணி போர்ட்டன்டினோ என்கிற மாநில செனட்டர் கொண்டுவந்த மசோதாவை 2018-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். 2019-இல் அடுத்த ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. அதிகாலை வேலைக்குப் போகிற பெற்றோர் பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் விடுவார்கள், பள்ளி பஸ்களின் நேரம் என்னாகும், சாயங்கால விளையாட்டுப் பயிற்சி என்னாகும் என்றெல்லாம் நியாயமான கேள்விகள் எழுந்தன. இத்தனையையும் மீறிச் சட்டம் நிறைவேறியதற்கு, தூக்கத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த ஆராய்ச்சிதான் காரணம்.

மேரி கார்ஸ்கடன் என்ற பெண் விஞ்ஞானி 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை வரவழைத்து, முகாம் போல நடத்தி, அவர்களுடைய தூக்கத்தை அளந்தார். வயது ஏற ஏறத் தூக்கம் குறைந்துகொண்டே போகும் என்பது அன்றைய எண்ணம். படுக்கையில் 10 மணி நேரம் இருக்கவிட்டால் பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகள் அளவுக்கே தூங்குகிறார்கள் என்று தெரிந்தது. அவ்வளவு தூங்கிய பிறகும் பருவமடைந்த பிள்ளைகளுக்குப் பகலில் கண் செருகியது. பின்னாளில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. இருட்டியதும் சுரந்து, உடம்பைத் தூக்கத்துக்குத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் பருவ வயதில் தாமதமாகச் சுரக்கிறது. உடம்பின் கடிகாரம் இரண்டு மணி நேரம் வரைகூடப் பின்னால் தள்ளிப்போகிறது. பத்து மணிக்கு விளக்கை அணைத்தாலும் உன் மகள் புரண்டுகொண்டே கிடப்பது அதனால்தான். செல்போன் வெளிச்சம் அதை இன்னும் தள்ளுகிறது. அதற்காகப் பழி முழுவதையும் செல்போன் மேல் போட முடியாது. பிள்ளைகள் கைக்குச் செல்போன் வருவதற்கு முன்பே அளக்கப்பட்ட விஷயம் இது.

அந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். உன் வீட்டுக் கணக்கைப் பார். பதினொன்றரைக்குத் தூங்குகிறாள். ஆறு மணி டியூஷனுக்காக ஐந்து மணிக்கு எழுப்புகிறாய். ஐந்தரை மணி நேரம்தான் ஆகிறது. தூக்கம் போதாத யாருக்கும் சிடுசிடுப்பு வரும், கண்ணீர் சட்டென்று முட்டும், படித்தது நிற்காது. நீ அவளுடைய குணம் என்று நினைத்துக் கவலைப்படுவதில் பெரும்பங்கு தூக்கக் கடன்.

மணியைத் தள்ளிவைத்தால் பிள்ளைகள் அந்த நேரத்தையும் முழித்தே கழிப்பார்கள் என்று இங்கேயும் பலர் சொன்னார்கள். சியாட்டில் நகரம் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. 2016-இல் அங்கே உயர்நிலைப்பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மாணவர்களின் கையில் கடிகாரம் போன்ற கருவியைக் கட்டி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். பிள்ளைகள் தினமும் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று 2018-இல் முடிவு வெளியானது.

நம் ஊரில் பள்ளிக்கூட மணி ஒன்பது மணிக்கு மேல்தான் அடிக்கிறது. அந்த வகையில் நம் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் அந்த நல்ல நேரத்தை நாமே டியூஷனுக்கும் ஸ்பெஷல் கிளாசுக்கும் எழுதிக்கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாவது, கார் ஓட்டும் சட்டம். இங்கே 16 வயதில் லைசென்ஸ் வாங்கலாம். 1998-இல் வந்து, பின்னர் கடுமையாக்கப்பட்ட விதியின்படி முதல் 12 மாதத்துக்கு இரவு 11 முதல் காலை 5 வரை ஓட்டக்கூடாது. 20 வயதுக்குக் குறைந்த நண்பர்கள் யாரையும் ஏற்றவும் கூடாது. இவற்றை மீறவேண்டுமானால் லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். இரவு ஓட்டக்கூடாது என்பது எவருக்கும் புரியும். நண்பர்களை ஏற்றக்கூடாது என்பதற்கு என்ன காரணம்?

டெம்பிள் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்தார். அவரும் அவருடைய மாணவி மார்கோ கார்ட்னரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பதின்பருவத்தினரையும் இளைஞர்களையும் பெரியவர்களையும் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு விளையாட வைத்தார்கள். தனியாக விளையாடியபோது மூன்று வயதுப் பிரிவினரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நிதானமாக ஓட்டினார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது பெரியவர்களிடம் மாற்றமே இல்லை. பதின்பருவத்தினர் எடுத்த துணிச்சல் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஆபத்து என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தும், தோழர்கள் பார்க்கிறார்கள் என்ற கிளர்ச்சி முந்திக்கொள்கிறது.

இதற்கு மூளையில் விளக்கம் உண்டு. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற மருத்துவர் 1991-இலிருந்து ஒரே பிள்ளைகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரவழைத்து எம்ஆர்ஐ படம் எடுத்து வந்தார். ஆறு வயதிலேயே பெரியவர்களின் மூளை அளவை நெருங்கிவிடுகிற மூளை, பதின்பருவத்தில் உள்ளுக்குள் மறுபடி சீரமைக்கப்படுகிறது என்று அந்தப் படங்கள் காட்டின. பயன்படாத இணைப்புகள் கழிகின்றன, பயன்படுபவை உறுதியாகின்றன. உணர்ச்சியையும் இன்பத்தையும் கையாளும் பகுதிகள் பருவம் தொடங்கும்போதே வேகமெடுக்கின்றன. நெற்றிக்குப் பின்னாலிருந்து, பொறு, யோசி, பின்விளைவைப் பார் என்று சொல்லும் பகுதியோ இருபதுகளின் நடுவில்தான் முழுமையடைகிறது. பிரேக் பொருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எஞ்சினுக்கு முழு பலம் வந்துவிட்ட வண்டி மாதிரி இது.

அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு மூன்று பேராகப் பறக்கிற பையன்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோமே, அந்த இடத்தில் அறிவுரையைவிட விதிதான் காக்கும். சாவி வீட்டுப் பெரியவர்கள் கையில் இருக்கவேண்டும். புரிந்துகொள்வது வேறு, விட்டுவிடுவது வேறு என்பதை நீ மறந்துவிடாதே.

நண்பர்கள் மேல் உள்ள இந்த ஈர்ப்புக்கு நல்ல பக்கமும் உண்டு. குடும்பத்தை விட்டு வெளியே போய் மனிதர்களோடு பழகக் கற்கிற வயது இது. அதனால்தான் தோழி ஒருத்தி ஒதுக்கியது உன் மகளுக்கு அவ்வளவு வலித்தது. "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று நீ கேட்டால், அடுத்த முறை உன்னிடம் சொல்லமாட்டாள். அழுகையைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். மிஹாய் சிக்சென்ட்மிஹாய், ரீட் லார்சன் என்ற இருவர் சிகாகோ பக்கத்தில் 75 மாணவர்களிடம் பேஜர் கருவி கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அந்த நேரத்து மனநிலையை எழுதவைத்தார்கள். 1984-இல் அது புத்தகமாக வந்தது. அந்த வயதில் உச்சத்துக்குப் போன மகிழ்ச்சியும் அடிமட்டத்துக்குப் போன துக்கமும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடுகின்றன என்று கண்டார்கள். பெரியவர்களுக்கு அதுவே பல மணி நேரம் ஆகிறது. ஆகவே அவள் கொதிக்கும்போது நீயும் கொதிக்காதே. ஒரு மணி நேரம் கழித்துப் பேசு. எதிரே இருப்பது வேறு பெண்ணாக இருக்கும்.

மூன்றாவது சட்டம் கொஞ்சம் கனமானது. 2022 ஜனவரி முதல் இங்கே ஒரு மாணவர் மனம் சரியில்லை என்று லீவு போட்டால், காய்ச்சலுக்குப் போட்ட லீவு போலவே பள்ளி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இதைக் கொண்டுவந்தவரும் அதே போர்ட்டன்டினோதான். இந்தப் பகுதியில் வாழும் எங்களுக்கு அதன் அவசியத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து டம்பார்டன் பாலத்தைத் தாண்டிப் போனால் பாலோ ஆல்ட்டோ. படிப்புக்கும் செல்வத்துக்கும் பெயர்பெற்ற ஊர். 2009-இலும், பிறகு 2014-இலும் தொடங்கி அந்த ஊர் தன் பதின்பருவப் பிள்ளைகளை அடுத்தடுத்துத் தற்கொலைக்குப் பறிகொடுத்தது. 2016-இல் மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ஒரு குழுவே வந்து ஆராய்ந்தது. ஒற்றைக் காரணம் என்று எதையும் காட்ட முடியாத துயரம் அது. அந்த ஊர்ப் பள்ளி ஒன்றில், முதல் மணிக்கு முன்னால் நடந்துவந்த அதிகாலைப் பாட வகுப்புகளை 2015-இல் நிறுத்தினார்கள். பிள்ளைகளின் தூக்கமும் மனநலமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று கற்றுக்கொள்ள அந்த ஊர் கொடுத்த விலை பெரியது.

அதனால் இதையும் தெரிந்துகொள். கதவைச் சாத்திக்கொள்வது, ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது, காரணமில்லாமல் எரிந்து விழுவது எல்லாம் இந்த வயதில் சகஜம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சோகம் விலகாமல் இருந்தால், பிடித்த விஷயங்கள் எல்லாம் ஒரேயடியாகப் பிடிக்காமல் போனால், தோழிகளையும் விட்டு விலகினால், சாப்பாடும் தூக்கமும் தலைகீழானால், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற தொனியில் ஒரு வார்த்தை வந்தால், அதைப் பருவத்தின் கணக்கில் எழுதிவிடாதே. நேராகக் கேள். கேட்டால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்று பயப்படாதே. கேட்பதுதான் காப்பு. டாக்டரிடம் கூட்டிப்போ. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-இலும் ஆலோசனை கிடைக்கும். நாலு பேருக்குத் தெரிந்தால் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று ஒளித்துவைக்கிற விஷயமில்லை இது.

"நாங்களும்தான் நாலு மணிக்கு எழுந்து படித்தோம், கெட்டா போனோம்?" என்று இங்குள்ள நம்மவர்களும் கேட்கிறார்கள். நாலு மணிக்கு எழுந்த அந்த நாட்களில் நாம் புத்தகத்தின் மேல் சாய்ந்து தூங்கியதும் உண்மைதானே. தாங்கிக்கொண்டோம் என்பதால் அது நமக்கு நல்லது செய்தது என்று ஆகிவிடாது.

இப்போது நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். டியூஷனைச் சாயங்காலத்துக்கு மாற்று. வாத்தியாரிடம் காரணத்தைச் சொல், கேட்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல் செல்போன் கூடத்தில் இருக்கட்டும், உன்னுடையதும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் விட்டுவிடு. பேசவேண்டும் என்றால் எதிரே உட்காரவைத்து விசாரிக்காதே. என் மகன் என்னிடம் மனம்விட்டுப் பேசுவதெல்லாம் காரில் போகும்போதுதான். முகம் பார்க்கவேண்டாம் என்பதே அவனுக்குப் பாதிச் சுதந்திரம். உனக்கு ஸ்கூட்டர் இருக்கிறது. அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது நீ குறைவாகப் பேசு. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் காலை ஸ்பெஷல் கிளாஸைப் பற்றி எழுந்து கேள். உன்னைப் போல நினைக்கிற இன்னும் நாலு பெற்றோர் அங்கே இருப்பார்கள்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடாதே, அவளிடம் கொடு. தனக்கு ஏன் தூக்கம் வரவில்லை, ஏன் கோபம் வருகிறது, ஏன் தோழியின் ஒரு சொல் இவ்வளவு சுடுகிறது என்று குழம்பி, நான் கெட்ட பெண் போலிருக்கிறது என்று அவள் தனியாக முடிவுகட்டி வைத்திருக்கலாம். தன் உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொள்ளும் முதல் உரிமை அவளுடையது. படித்துவிட்டு அவள் மறுத்துப் பேசினாலும் சரி, அத்தைக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
அக்கா