செவியின் வாயிற்காவலன்

திருமண வீட்டில் எழும் ஒலிகள் ஒன்றா, இரண்டா? நாதசுரமும் தவிலும் முழங்குகின்றன, பந்தியில் பாத்திரங்கள் மோதுகின்றன, குழந்தைகள் கூவியாடுகின்றனர். இத்துணை ஆரவாரத்தின் நடுவிலும் நண்பர் இருவர் அமர்ந்து உரையாடுகின்றனர். ஒருவர் சொல் மற்றவர்க்குத் தெளிவாகவே கேட்கிறது. வேண்டாத ஒலிகளைத் தடுத்து, வேண்டிய குரலை மட்டும் உள்ளே விடும் வாயிற்காவலன் ஒருவன் மனித மூளையில் இருக்கின்றான் எனலாம். காலின் செர்ரி என்னும் ஆங்கில அறிஞர் இரு காதுகளிலும் வெவ்வேறு உரைகளை ஒலிக்கச் செய்து ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரு காதின் உரையைத் திருப்பிச் சொல்லி வந்தவர்கள், மறு காதில் ஒலித்ததன் பொருளை ஏறக்குறைய அறியவே இல்லை.

அதே திருமண வீட்டின் மூலையில் இளைஞன் ஒருவன் அமர்ந்திருப்பதாகக் கொள்க. தாய் இருமுறை அழைத்தும் அவன் திரும்பவில்லை. “காது கேட்கவில்லையா? என்ன திமிர்!” என்று உறவினர் முணுமுணுக்கின்றனர். அவனைப் பற்றியிருப்பது மனச்சிதைவு நோய். அவன் செவியில் குறையில்லை. செவி கொணர்வதைத் தரம்பிரிக்கும் இடத்திலேதான் குறை.

இஃது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் டென்வர் நகரத்து ஆய்வாளர்கள் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. தலையில் மின்வாய்களைப் பொருத்தி, அரை நொடி இடைவெளியில் ஒரே வகையான இரு சிற்றொலிகளைக் கேட்கச் செய்தனர். நலமுடையோர் மூளையில், ஒலி எழுந்து ஏறத்தாழ 50 மில்லி வினாடியில் தோன்றும் மின்னலை, இரண்டாம் ஒலிக்கு வெகுவாகக் குறைந்தது. “இது முன்பே கேட்டதுதான்” என்று காவலன் கதவைச் சாத்திவிட்டான். மனச்சிதைவு நோயாளரிடமோ அத்தகைய குறைவு காணப்படவில்லை.

பின்னர், மூளையின் குருதியோட்ட மாறுதலைக் காந்தப்புலத்தால் படமாக்கும் கருவி வந்தது. இல்லாத குரல்கள் நோயாளருக்குக் கேட்கும் வேளையில், வெளியொலியை ஏற்கும் செவிப்புலப் பகுதியே அவர்தம் மூளையில் கிளர்ச்சியுறுவதை 1999ஆம் ஆண்டின் ஜெர்மானிய ஆய்வொன்று காட்டியது. தாயின் குரல் நுழையவேண்டிய வாயிலில் வேறொரு குரல் முன்பே நின்றுகொண்டிருக்கிறது!

ஆயினும் இவ்வளவீடுகள் குழுக்களின் சராசரியையே கூறுவன. ஒருவரது படத்தை மட்டும் நோக்கி நோயை உறுதிசெய்தல் இயலாது. மருத்துவர் உரையாடியும் கவனித்துமே அதனை அறிகின்றார்.

இந்நோய் பெரும்பாலும் பதின்மப் பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. நன்கு பயின்ற மாணவன் திடீரெனத் தளர்ந்து, அழைத்தும் கேளாதவன்போல் ஒதுங்குவானாயின், அதற்குக் காரணங்கள் பலவாகலாம். சோம்பல் என்று தீர்ப்பளிக்குமுன் அவனை மருத்துவரிடம் அனுப்புதல் ஆசிரியர் கடனன்றோ?

மருந்துகள் பலருடைய மாயக்குரல்களைத் தணிக்கின்றன. கவனக்குறைவையோ அவை அவ்வளவாக நீக்குவதில்லை. எஞ்சிய பணி சுற்றத்தாருடையது. வானொலியை நிறுத்துதல், ஒருவர் பின் ஒருவராகப் பேசுதல், சிறுசிறு வாக்கியங்களாகச் சொல்லுதல், மறுமொழிக்குப் பொறுத்திருத்தல் ஆகியவை எவருக்கும் எளியன.

திருமண வீட்டில் அத்தாய் மூன்றாம் முறை கூவி அழைக்கவில்லை. மகனின் கையைப் பற்றி, ஓசை குறைந்த பின்கட்டிற்கு அழைத்துச் சென்றாள். “சாப்பிடலாமா, தம்பி?” என்று மெல்லக் கேட்டுக் காத்திருந்தாள். சற்றுநேரம் கழித்து, “சரி, அம்மா” என்றான் அவன்.